நொச்சி சூடிய செடிகள்: ஒரு காவல் விளையாட்டை வாசித்தல்

1

இராத்திரி முழுக்கக் காட்டுக்காவல் இருந்துவிட்டு வருகிற ஒருவர், பகலில் கிடைக்கிற அரைமணி நேரத்திலும் கைபேசியை எடுத்துக் காவல் காக்கிற விளையாட்டையே ஆடுகிறார் என்றால் அதை எப்படிப் புரிந்துகொள்வது? தேவாரத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் போடுகிற வீடுகளின் பையன்களிடம் நான் பார்த்துவருவது இது. விளையாட்டின் பெயர் ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்’. செடிகளுக்கும் நடைபிணங்களுக்கும் சண்டை. 2009 மே மாதம் அமெரிக்காவின் பாப்கேப் நிறுவனம் வெளியிட்டது. எங்கள் பக்கம் பிரவுசிங் சென்டர்கள் வழியாகவும் பென்டிரைவ் வழியாகவும் காசில்லாமல் கைமாறி, அப்புறம் கைபேசிக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

தோழர்கள் சிலர் கேட்கக்கூடும்: “இதுக்கெல்லாம் ஒரு கட்டுரையா?” அவர்கள் பக்கம் வலுவான கோட்பாடும் இருக்கிறது. முதலாளியத்தின் கீழ் பொழுதுபோக்கு என்பது உழைப்பின் நீட்சிதான், எந்திரத்தின் தாளத்துக்கு மறுநாளும் ஆளைத் தயார்செய்கிற ஏற்பாடு அது என்று அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களிலேயே சொல்லிவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடு உண்டு. ஆனால் அது எல்லா விளையாட்டுக்கும் பொருந்துகிற பதில். ஓடுகிற, சுடுகிற, கார் ஓட்டுகிற ஆட்டங்கள் ஆயிரம் கிடக்கையில் ஏன் குறிப்பாகக் காவல்? அதையும் காவலில் அலுத்த ஆட்களே ஏன் விரும்புகிறார்கள்? என் வாசிப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காவல்காரனை வீட்டுக்காரன் என்று கூப்பிடுகிற ஆட்டம் இது. அதன் கவர்ச்சியும் அங்கேதான் இருக்கிறது, அதன் அரசியலும் அங்கேதான் இருக்கிறது.

2

‘டவர் டிஃபென்ஸ்’ என்று இந்த வகைமைக்குப் பெயர். காவல் ஆட்டம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். எதிரி ஒரு வழியில் வருவான். வழியோரம் கோபுரங்களை நட்டுவைக்க வேண்டும். நட்டது நகராது, தானாகச் சுடும். 1990-இல் அடாரி கொண்டுவந்த ‘ராம்பார்ட்’ இதன் முன்னோடி. 2002-இல் வந்த ‘வார்கிராஃப்ட் 3’ என்கிற போர் விளையாட்டுக்குள் ரசிகர்களே வரைபடம் போட்டு இதைத் தனி ஆட்டமாக வளர்த்தெடுத்தார்கள். 2007-இல் ‘டெஸ்க்டாப் டவர் டிஃபென்ஸ்’, நியூஸிலாந்தின் ‘புளூன்ஸ்’. 2011-இல் உருகுவேயிலிருந்து ‘கிங்டம் ரஷ்’. பெரிய போர் விளையாட்டின் வயிற்றிலிருந்து எளிய ஜனம் கிள்ளி எடுத்துக்கொண்ட துண்டு என்று இந்த வகைமையைச் சொல்லலாம். படையெடுப்பை விட்டுவிட்டுக் காப்பதை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஜார்ஜ் ஃபேன் என்கிற வடிவமைப்பாளர் இதில் செய்தது ஒரு சின்ன மாற்றம். கோபுரத்துக்குப் பதில் செடி. செடி இருந்த இடத்தைவிட்டு ஏன் நகரமாட்டேன் என்கிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ஸோம்பி ஏன் மெதுவாக நடக்கிறது என்றும் யாரும் கேட்கப்போவதில்லை. விளையாட்டே தெரியாத தன் அம்மாவை இந்த ஆட்டத்தைக் கடைசிவரை ஆடவைத்த விதம் பற்றி 2012-இல் விளையாட்டு உருவாக்குநர்கள் மாநாட்டில் அவர் ஒரு உரையே நிகழ்த்தினார். சொல்லிக்கொடுப்பது தெரியாமல் சொல்லிக்கொடுப்பது அவர் முறை. முதல் கட்டத்தில் புல்தரையில் ஒரே ஒரு வரிசைதான் இருக்கும். அப்புறம் மூன்று. அப்புறம் ஐந்து. ஒரு கட்டத்துக்கு ஒரு புதுச் செடி.

ஆட்டத்தின் பொருளாதாரம் வெயில். வானத்திலிருந்து வெயில் சொட்டுச் சொட்டாக விழும், தொட்டால் 25 கணக்கில் ஏறும். 50 வெயில் கொடுத்தால் ஒரு சூரியகாந்தி; அது மேலும் வெயில் தரும். 100 கொடுத்தால் பட்டாணி சுடுகிற செடி. 50-க்கு மறிப்பதற்கென்றே ஒரு கொட்டைச் செடி. அது சுடாது, முன்னால் நின்று கடிபடும், அவ்வளவுதான். முதலில் சூரியகாந்தி நடுவதா, துப்பாக்கி நடுவதா? விதைக்குச் செலவழிப்பதா, வேலிக்குச் செலவழிப்பதா? எந்தச் சம்சாரிக்கும் இந்தக் கேள்வி புதிதில்லை.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. ஒவ்வொரு கட்டமும் தொடங்குமுன் காட்சி வலப்பக்கம் நகர்ந்து, தெருவில் காத்து நிற்கிற ஸோம்பிகளைக் காட்டும். யார் யார் வரப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டு அதற்கேற்றபடி செடிகளைத் தேர்ந்தெடுக்கலாம். பெரிய அலை வருகிறது என்று எழுத்துப்போட்டு அறிவிப்பார்கள். இன்னும் எத்தனை பாக்கி என்று கீழே ஒரு கோடு காட்டிக்கொண்டே இருக்கும். தப்பித்தவறி ஒன்று உள்ளே வந்துவிட்டால் வரிசைக்கு ஒன்றாகக் கடைசியில் புல்வெட்டும் எந்திரம் நிற்கிறது. ஒரு முறை அது மன்னிக்கும்.

3

இனி உண்மையான காவலைப் பார்ப்போம். காட்டுப்பன்னி எந்தப் பக்கமிருந்து வரும் என்று யாரும் காட்டுவதில்லை. அலை வருகிறது என்று அறிவிப்புக் கிடையாது. எத்தனை பாக்கி என்பதற்குக் கோடு கிடையாது. பரண், டார்ச் லைட், தகர டப்பா, வெடி, சுற்றிலும் கட்டிய பழைய சேலை. வசதி இருந்தால் சோலார் வேலி. திருட்டுத்தனமாக நேரடி மின்சாரம் கொடுத்தால் பன்னியும் சாகும், மனுஷனும் சாவான், யானையும் சாகும். “பன்னி வரும்னு முழிச்சிருந்தா ஆனை வந்து நிக்குது” என்பது எங்கள் ஊரில் சாதாரணப் பேச்சு. பல நாள் ஒன்றுமே வராது. அப்படி ஒன்றும் வராத இராத்திரிதான் காவலின் வெற்றி; ஆனால் அந்த வெற்றிக்குச் சாட்சி கிடையாது, கணக்கு கிடையாது, கூலியும் கிடையாது. கண் அசந்த ஒரே இராத்திரி மட்டும் ஊர் முழுக்கத் தெரியும்.

விளையாட்டின் இன்பம் எங்கே இருக்கிறது என்பது இப்போது விளங்கும். காவலில் கசப்பானதெல்லாம், அதாவது இருட்டு, நிச்சயமின்மை, தூக்கக்கேடு, உயிர்ப்பயம் எல்லாம் எடுத்துவிடப்பட்டிருக்கின்றன. காவலுக்குக் கிடைக்காததெல்லாம், அதாவது முன்னறிவிப்பு, அளவு, கணக்கு, பரிசு எல்லாம் கொடுக்கப்பட்டிருக்கின்றன. இதை மடத்தனம் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை. உழைப்பு கணக்கில் ஏற வேண்டும் என்று ஆசைப்படுவது நியாயமான ஆசைதான்.

தமிழ் படித்தவன் என்பதால் இங்கே குறிஞ்சியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. காவலை இன்பமாக மாற்றுகிற வேலையை நம் இலக்கியம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே செய்திருக்கிறது. தினைப்புனத்தில் இதணம் என்கிற பரண்மேல் இருந்துகொண்டு தழல், தட்டை, குளிர் என்று கருவிகளை வைத்துக் கிளி ஓட்டுகிற பெண்களை கபிலரின் குறிஞ்சிப்பாட்டு பேசுகிறது. அங்கே காவல் என்பது களவுக்கு ஒரு களம். கதிர் அறுத்தால் காவல் முடியும்; காவல் முடிந்தால் சந்திப்பும் முடியும்; பெண் வீட்டுக்குள் அடைபடுவாள். ஆக, காவல் நீள வேண்டும் என்று ஏங்குகிற கவிதை அது. உண்மையில் காவல் இருந்த பெண் அது சீக்கிரம் முடிய வேண்டுமென்று ஏங்கியிருக்கக்கூடும். அவள் கை வலித்ததா, வெயிலில் தலை சுற்றியதா என்று அகத்திணை கேட்டுக்கொள்வதில்லை. உழைப்பை அழகியலாக்கி உழைப்பாளியை மறைக்கிற தந்திரத்தைக் கணினி விளையாட்டு புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை.

புறத்திணைப் பக்கமும் ஒரு பொருத்தம் இருக்கிறது. தொல்காப்பியம் மருதத்துக்குப் புறனாக உழிஞையை வைக்கிறது. வயல் சார்ந்த நிலத்துக்கு எதிரிணை, மதில் முற்றுகை. வளைப்பதும் காப்பதும் இரண்டுமே அங்கே உழிஞைக்குள் அடங்கும். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலை காக்கிறவனைத் தனியே பிரித்து, அவனுக்கு நொச்சிப் பூவைக் கொடுத்து, நொச்சித்திணை என்று பெயர் வைக்கிறது. காப்பது என்பது ஒரு தனித்த மனநிலை, தாக்குவதன் மறுபாதியாக அதைச் சுருக்க முடியாது என்கிற அறிதல் அதில் தெரிகிறது. ஐயனாரிதனார் உழிஞையிலிருந்து நொச்சியைப் பிரித்ததும், விளையாட்டு ரசிகர்கள் போர் விளையாட்டிலிருந்து காவலைப் பிரித்ததும் ஒரே மாதிரியான செயல்கள்தான். ஆனால் நொச்சி சூடி மதில்மேல் நின்றவன் யாருடைய மதிலைக் காத்தான்? அரசனுடையதை. புல்தரையில் நொச்சி சூடி நிற்கிற செடிகளைப் பார்த்தும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்.

4

புல்தரைக்கு இடப்பக்கம் ஒரு வீடு. அதற்குள் இருப்பவர் யார் என்று ஆட்டம் கடைசிவரை காட்டுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்து பேசுகிறார். வீட்டுக்காரர் மட்டும் வருவதில்லை. தோற்றால், உன் மூளையை ஸோம்பிகள் தின்றுவிட்டன என்று அலறலோடு எழுத்து வரும். ‘உன்’ என்கிற அந்தச் சொல்லில் இருக்கிறது சூட்சுமம். அல்தூசர் 1970-இல் கருத்துருவம் பற்றி எழுதிய கட்டுரையில், தெருவில் போகிறவனைப் போலீஸ்காரர் கூப்பிட, அவன் திரும்புகிற அந்தக் கணத்தில் தன்னிலை உருவாவதைச் சொல்வார். இந்த ஆட்டம் நம்மை விளிப்பது “ஏ வீட்டுக்காரரே!” என்று. குத்தகைக்குப் பிடித்த காட்டில் காவல் இருக்கிறவரும், சம்பளத்துக்கு எஸ்டேட் காவல் பார்க்கிறவரும், கைபேசியைத் திறந்ததும் அந்தக் கூப்பாட்டுக்குத் திரும்பிப் பார்க்கிறார்கள். ரோலண்ட் பார்த் 1957-இல் பிரெஞ்சுப் பொம்மைகளைப் பற்றி எழுதுகையில், அவை குழந்தையை உலகத்தைப் படைக்கிறவனாக ஆக்காமல் உடைமைக்காரனாக ஆக்குகின்றன என்றார். நம் கையில் இருப்பதும் அந்த ரகம்தான். உடைமை இல்லாதவருக்கு அரைமணி நேர உடைமை.

அப்படியானால் எதிரே வருகிற ஸோம்பி யார்? இங்கேதான் இந்தப் பிரதி தன்னை அறியாமல் ஒன்றைச் சொல்லிவிடுகிறது. ஸோம்பி என்கிற கற்பனை பிறந்தது ஹைத்தியின் கரும்புத் தோட்டங்களில். ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டுவந்து அடிமைகளாக வேலைவாங்கப்பட்ட மக்கள், செத்தால் ஆவி தாய்நிலத்துக்குத் திரும்பும் என்று நம்பினார்கள். சாவுக்குப் பிறகும் திரும்ப விடாமல் எழுப்பி வேலைவாங்கப்படுகிற உடல்தான் ஸோம்பி. 1791-இல் எழுந்து 1804-இல் விடுதலையடைந்த நாடு அது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கா அதை ஆக்கிரமித்திருந்தபோது அங்கே போன வில்லியம் சீப்ரூக் என்கிற அமெரிக்கர், 1929-இல் எழுதிய புத்தகத்தில் அமெரிக்கச் சர்க்கரைக் கம்பெனியின் கரும்புக்காட்டில் வேலைசெய்த ஸோம்பிகளின் கதையைச் சொன்னார். 1932-இல் வந்த ‘ஒயிட் ஸோம்பி’ படத்தில் அவர்கள் சர்க்கரை ஆலையில் செக்கு சுற்றுகிறார்கள். 1968-இல் ஜார்ஜ் ரொமேரோவின் படத்துக்குப் பிறகுதான் அவர்கள் வீட்டை முற்றுகையிட்டு மனுஷனைத் தின்கிறவர்கள் ஆனார்கள். தோட்டத்தில் சாகமுடியாமல் உழைத்தவன், தோட்டத்துக்கு உடையவனின் வீட்டைத் தாக்க வருகிறவனாக மாறிப்போனான். சுரண்டப்பட்டவனை எதிரியாக்கிய இந்தத் தலைகீழாக்கத்தை ஜார்ஜ் ஃபேன் திட்டமிட்டுச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. வகைமை தன் வரலாற்றை மறந்த பிறகே கைக்கு வருகிறது.

அந்த ஹைத்திக் கதையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸோம்பிக்கு உப்பில்லாத சோறுதான் போட வேண்டும். உப்பு நாக்கில் பட்டால் தன் நிலைமை தெரிந்துபோகும். வேலையைப் போட்டுவிட்டுத் தன் ஊரைப் பார்த்து நடந்துவிடும். “சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?” என்று நம் ஊரில் கேட்கிற கேள்வியை ஹைத்தி அடிமைகளும் அவர்கள் பாஷையில் கேட்டிருக்கிறார்கள். சொரணைக்கும் உப்புக்கும் இரண்டு கண்டங்களில் ஒரே உறவு.

ஏலமலையின் அடிவாரத்திலிருந்து வாசிக்கும்போது இதெல்லாம் தூரத்துச் சங்கதியாகத் தெரியவில்லை. தேவாரம், கோம்பை, போடி, கம்பம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி, மெட்டு ஏறி, உடும்பன்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு பக்கத்து ஏலத்தோட்டங்களில் களை வெட்டி, காய் எடுத்து, இருட்டுகிற நேரத்துக்கு இறங்குகிறார்கள். அவர்கள் எடுத்த காய் போடியிலும் புற்றடியிலும் ஏலக்கூடத்துக்குப் போகிறது. அங்கே வியாபாரிகள் கணினித் திரைமுன் உட்கார்ந்து பொத்தானை அமுக்கி விலை வைக்கிறார்கள். அந்தத் திரையிலும் எடுத்தவர் தெரிவதில்லை. விளையாட்டின் செடி எப்படி? நட்ட இடத்தில் நின்று, கடிபட்டு, தின்னப்பட்டு வீட்டைக் காக்கும். வேண்டாமென்றால் மண்வெட்டியால் பிடுங்கிப் போட்டுவிடலாம். ஸோம்பிக்கும் செடிமேல் பகையில்லை. வழியில் நிற்பதால் தின்கிறது. இரண்டு பக்கமும் தேய்ந்து சாகிறவர்கள் இரண்டு வகைத் தோட்டத்து ஆட்கள். வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்.

5

விளையாட்டின் இலக்கணம் மூன்றே கூறுகள்தாம்: வழி, அலை, முகமின்மை. வழியை நாம் கீறுகிறோம். வருகிறவன் அலையாக வருகிறான். அவனுக்கு வரலாறு கிடையாது. திரைக்குள் இருக்கிறவரை இதனால் தீங்கில்லை. ஆனால் நம் செய்தித்தாளும் டீக்கடைப் பேச்சும் இதே இலக்கணத்தில்தான் ஓடுகின்றன. “ஊருக்குள் புகுந்த யானை”, “யானை அட்டகாசம்” என்று தலைப்பு. தேவாரம் பகுதியில் ஆளைக் கொன்ற மக்னா ஒன்றை விரட்ட 2018-இல் கும்கிகள் வந்தன. அந்தச் சாவுகளின் துக்கத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பயம் நிஜம். ஆனால் ‘புகுந்த’ என்கிற வினையில் வழி யாருடையது என்பது முன்கூட்டியே தீர்ப்பாகிவிடுகிறது.

2023-ஐ எடுத்துக்கொள்வோம். சின்னக்கானலில் ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் அரிக்கொம்பன் என்று பேர் வாங்கிய யானையை ஏப்ரல் 29 அன்று பிடித்து, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, பெரியாறு சரணாலயத்தில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் ஊருக்குள் வந்து நின்றது. 144 தடையுத்தரவு போட்டார்கள். அதன் ஓட்டத்தில் அடிபட்டு ஒருவர் இறந்தார். ஜூன் 5 அன்று மறுபடி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்கு ஏற்றிப்போனார்கள். அந்த நாட்களில் அது உயிருள்ள மிருகமாக இருந்ததைவிட, திரையில் நகர்கிற புள்ளியாக அதிகம் இருந்தது. எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்று டி.வி. பார்த்தவர்களுக்கு நெஞ்சு படபடத்தது நிஜம். அந்தப் படபடப்புக்குள் ஒரு ருசி இருந்ததும் நிஜம். சின்னக்கானலில் 301 காலனி என்று ஒரு இடம் இருக்கிறது. 2000களின் தொடக்கத்தில் நிலமற்ற ஆதிவாசிக் குடும்பங்களைக் கேரள அரசே குடியமர்த்திய இடம். அது யானை நடமாடுகிற பகுதி என்று வனத்துறை அதிகாரி ஒருவர் அப்போதே எச்சரித்தும் இருக்கிறார். ஆதிவாசியை யானையின் வழியில் நட்டது யார்? செடியை வரிசையில் நட்ட கை எது? விளையாட்டில் போலவே இங்கேயும் அந்தக் கை திரைக்கு வெளியே இருக்கிறது.

யானையோடு இது நிற்கவில்லை. தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கிக்கு ஏற குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று ரோடுகள். தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டுக்குப் பழைய நடைவழி. அதை ரோடாக்கக் கேட்டுப் பல காலமாக ஊர் மனுக்கொடுத்து வந்திருக்கிறது. வரிசைகளும் அவற்றின் முனையில் செக்போஸ்ட்டுகளும் என்று இந்த வரைபடத்தைப் பாருங்கள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறு முற்றியபோது, தோட்டங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்கள் பயந்து, கிடைத்ததை எடுத்துக்கொண்டு இறங்கிவந்தன. மேலே அவர்கள் ‘வந்தேறிகள்’. அதே நாட்களில் கீழே கூட்டம் கூட்டமாகக் குமுளியை நோக்கி நடந்தார்கள். மலையாளிகளின் கடைகள் இங்கே அடிபட்டன. இரு பக்கத்துக்கும் மறுபக்கம் முகமில்லாத அலையாகத் தெரிந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது மெட்டுகள் மூடப்பட்டன. கூலிக்குப் போகிறவர் கிருமி சுமக்கிற உடலாகப் பார்க்கப்பட்டார். இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஏலத்தோட்டங்களுக்கு ஆட்கள் வருகிறார்கள். “வடக்கத்தியானுக படையெடுத்து வாரானுக” என்று நம் ஆட்களே பேசுகிறார்கள். 2011-இல் ஸோம்பியாகப் பார்க்கப்பட்டவர் இன்று செடியாக நின்று சுடத் தயாராகிறார். இரண்டு வேஷத்திலும் அவர் வீட்டுக்காரர் இல்லை.

6

எங்கள் பக்கத்துக் கோயில் மண்டபக் கல்தரைகளில் கீறிக்கிடக்கிற இன்னொரு காவல் ஆட்டம் உண்டு: ஆடுபுலி ஆட்டம். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டை ஒவ்வொன்றாக வைத்து, வெட்டுப்படாமல், புலியை அசையவிடாமல் கட்ட வேண்டும். இடம் பார்த்து நடுவது, சிலதைப் பலிகொடுத்து மற்றதைக் காப்பது எல்லாம் அதிலும் இருக்கிறது. ஆனால் எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முகம் இருக்கிறது, கிண்டல் இருக்கிறது, கோபம் இருக்கிறது. ஒரு ஆட்டம் முடிந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆடு வைத்தவர் புலி வைக்க வேண்டும். புலிக்குப் பசிக்கும் என்பது புலி வைத்தவருக்குத் தெரிந்துபோகும்.

விளையாட்டை நியாயமாகவே வாசிக்க வேண்டும். ‘பிளான்ட்ஸ் வெர்சஸ் ஸோம்பீஸ்’ ஆட்டத்துக்குள்ளும் ‘ஐ, ஸோம்பி’ என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் நாம் ஸோம்பிகளை இறக்க வேண்டும். எதிரே செடிகள் நிற்கும். உற்றுப்பார்த்தால் அவை அட்டையில் வெட்டிய செடிகள். நாம் அந்தப் பக்கம் போனதும் இந்தப் பக்கம் முகமிழந்து அட்டையாகிவிடுகிறது. பக்கம் மாறலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் உயிரோடு இருக்க இந்த இலக்கணத்தில் இடமில்லை. ஆட்டத்தை உருவாக்கியவர்கள் வேடிக்கைக்குச் செய்தது இது. ஒரு விமர்சகன் மாங்குமாங்கென்று எழுதுவதைவிடக் கூர்மையாக அது தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது.

ஆகவே இந்த விளையாட்டை விடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. பரண்மேல் குளிரில் உட்கார்ந்திருக்கிறவரின் கையிலிருந்து கைபேசியைப் பிடுங்குவது புரட்சியாகாது. காவல் கணக்கில் ஏற வேண்டும், முன்னறிவிப்பு வேண்டும், தவறினால் ஒரு முறையாவது மன்னிக்கிற ஏற்பாடு வேண்டும் என்று அவர் திரையில் தேடுகிறார். பயிர்ச்சேதத்துக்கு உரிய இழப்பீடு, காட்டுக்காவலுக்குக் கூலி, யானை வரவை முன்கூட்டிச் சொல்கிற ஏற்பாடு, மெட்டு ஏறுகிற ஜீப்புக்குப் பாதுகாப்பு என்று அந்தத் தேடலைக் கோரிக்கைகளாக மொழிபெயர்ப்பது இயக்கக்காரர்கள் வேலை. எழுதுகிறவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. இதணத்தில் இருந்த பெண்ணின் கைவலியில் தொடங்கி, பன்னிக்காக முழித்திருக்கிற பையனின் எரிகிற கண் வரைக்கும், காவலைக் காவல்காரரின் பக்கமிருந்து சொல்கிற எழுத்து நம்மிடம் மிகக் குறைவு. அப்படி எழுதும்போது வருகிற யானைக்கும் வருகிற ஜார்க்கண்ட்காரருக்கும் முகம் இருக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கிறவரையும் வெளியே கூப்பிட வேண்டும்.